பழைய ஹைலக்ஸின் முன் அக்சில் சீல் ஒழுக்கு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் அல்ல. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறேன். நெல்மூடை ஏற்றவும் தண்ணீர்த் தாங்கி இழுக்கவும் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப் வண்டி வைத்திருக்கிறேன். எல்.என்.106 வகை, 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் வில்தகடு. இதன் முன் அக்சிலை இதுவரை ஐந்து தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அதில் இரண்டு தடவை, முந்திய வேலையை ஒழுங்காகச் செய்யாததால் வந்தவை. மாரி தொடங்கினால் பக்கத்துக் காணிக்காரர்களும் அவர்களுடைய மச்சான்மாரும் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்கள் இவை.

முன் சில்லின் உள்பக்கம் நனைந்து கிடக்கிறது. அக்சில் சீல்தான் போய்விட்டதா?

முதலில் விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். டிபரென்ஷலுக்குள், அதாவது நாம் டிப் என்று சொல்லும், அக்சிலின் நடுவே உள்ள பற்சக்கரக் கூட்டுக்குள் இருக்கும் கியர் ஒயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு கெட்ட மணம் உண்டு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். அந்த மணத்தோடு கறுத்து, நீர்த்து, டயரின் உட்சுவர் வழியே வழிந்தால் உள் அக்சில் சீல் போய்விட்டது. மணம் வேறாகவும் நீர் தெளிவாகவும் இருந்து, பிறேக் ஒயில் போத்தலில் மட்டமும் இறங்கியிருந்தால் அது பிறேக் ஒழுக்கு. அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். தடித்த கிறீஸ், சில்லைப் பூட்டும் நடுப்பாகமான ஹப்பின் பின்பக்கமிருந்து டிஸ்க் மீது சிதறியிருந்தால் ஹப் சீல். சொக் அப்சோபர் ஒழுகிக் கீழே வழிந்ததைப் பார்த்துவிட்டு அக்சிலைக் கழற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, இரண்டு நாள் ஓடிய பின் மறுபடி பாருங்கள்.

நிச்சயப்படுத்த இன்னொரு வழி உண்டு. நக்கிளில், அதாவது சில்லைத் திருப்பும் அந்தக் குடத்தில், கிறீஸ் நிரப்புவதற்கு ஓர் அடைப்பு இருக்கும். அதைத் திறந்து ஒரு கம்பியை விட்டு இழுங்கள். கிறீஸ் கம்பியில் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்லது. கறுப்புக் கஞ்சிபோல் வடிந்தால் டிப் ஒயில் உள்ளே வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லவேண்டும்: அக்சில் நுனியில் இருக்கும் பளபளப்பான உருண்டையின் மேல் மெல்லிய கிறீஸ் படலம் இருப்பது குற்றம் அல்ல. சில்லைத் திருப்பும்போது வெளிச்சீல் அதை வழித்துவிடும். படலம் இல்லாமல் துருப்பிடித்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒயிலும் கிறீஸும் எப்படிக் கலக்கின்றன?

முன் அக்சில் ஒரே நீளக் குழாய். நடுவில் டிப், இரு நுனியிலும் பந்துபோன்ற உருண்டை. அக்சில் தண்டு குழாய்க்குள் வந்து, உருண்டைக்குள் இருக்கும் மூட்டில் சேர்கிறது. சில்லு திரும்பினாலும் சுழற்சியைக் கடத்துவது அந்த மூட்டுத்தான். குழாயில் இருப்பது ஒயில், உருண்டையில் இருப்பது கிறீஸ். இரண்டுக்கும் நடுவே, தண்டைச் சுற்றி ஒரு சின்ன றப்பர் வளையம். அதுதான் உள் அக்சில் சீல். அது தோற்றால் ஒயில் உருண்டைக்குள் வந்து கிறீஸைக் கரைக்கிறது. வெளியே இருக்கும் துடைப்புச் சீல் கிறீஸைத் தடுக்கச் செய்தது, ஒயிலை அல்ல. எனவே கஞ்சி வெளியே வந்துவிடும். வெளியே ஒழுகுவதைக் கண்டு வெளிச்சீலை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுக நிலத்தைத் துடைப்பது போன்றது.

எனது கெப்பும் இதே அமைப்பா?

முன்னால் குனிந்து பாருங்கள். சில்லுக்குப் பின்னால் இரும்பு உருண்டை தெரிந்தால் இந்தப் பதில்கள் உங்களுக்குப் பொருந்தும். பழைய லாண்ட் குரூசர்களிலும் இதே குடும்ப அமைப்புத்தான். உருண்டை இல்லாமல் மடிப்பு மடிப்பான றப்பர் உறை தெரிந்தால் உங்களுடையது முன் சில்லுகள் தனித்தனியே அசையும் வகை. அதில் சீல் டிப்பின் இரு பக்கத்திலும் இருக்கும், வேலையும் வேறு.

சீல் ஏன் போனது? வண்டி பழையது என்பதாலா?

எல்லோரும் வயதைத்தான் சொல்வார்கள். றப்பர் இறுகும், உண்மை. ஆனால் என்னிடம் வந்த வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது சீலை அல்ல, மூச்சுக்குழாயை. டிப்பின் மேல், அக்சில் குழாயில் விரல்நுனி அளவு ஒரு மூடி இருக்கும். ஓடும்போது டிப் சூடேறி உள்ளே காற்று விரியும். அந்தக் காற்று வெளியேற விடப்பட்ட வழி அது. நமது செம்மண்ணும் வயற்சேறும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் காற்று வேறு வழி தேடும். கிடைப்பது சீல்.

மறுபக்கம் இன்னும் மோசம். மாரியில் சூடேறிய அக்சிலோடு நேரே வெள்ளத்துக்குள் இறக்குகிறோம். வட்டுவாகல் பாலத்தில் நீர் ஏறினாலும் சரி, வயலுக்குப் போகும் வாய்க்கால் கடப்பு என்றாலும் சரி, அக்சில் சடுதியாகக் குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி உறிஞ்சுகிறது. மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் உதட்டு வழியே தண்ணீரை இழுக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த பிறகு நான் திறந்த ஒரு டிப்பில் இருந்தது ஒயில் அல்ல, பால்தேநீர். நந்திக்கடல் பக்கத்து உவர்நீர் என்றால் பெயாரிங் மேல் துரு வர நாட்கள் போதும்.

எனவே அந்த மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, வாயால் ஊதிக் காற்றுப் போகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, மூடியின் இடத்தில் ஒரு குழாய்முனையைப் பூட்டி, ஒயில் தாங்கும் றப்பர் குழாயை எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுவது. குழாய் தொங்காமலும் மடியாமலும் இருக்கவேண்டும். இதற்குச் செலவு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான். இதைச் செய்யாமல் சீல் மாற்றுவது வீண்வேலை என்பது என் முடிவு. என் முதலாவது சீல் ஒரு மாரிகூடத் தாங்காததற்குக் காரணம் இதுவே.

மூச்சுக்குழாய் நன்றாக இருந்தும் சீல் போயிருந்தால் மூன்றைப் பாருங்கள். தண்டில் சீல் உராயும் இடம் தேய்ந்திருக்கலாம். நக்கிளின் மேலும் கீழும் இருக்கும் பெயாரிங் தளர்ந்து குடம் நடுவைவிட்டு விலகியிருக்கலாம். டிப்பில் யாராவது அளவுக்கு மிஞ்சி ஒயில் ஊற்றியிருக்கலாம். பக்கத்திலுள்ள நிரப்பும் துவாரத்தின் கீழ்விளிம்பில் ஒயில் முட்டினால் போதும்.

அறுவடை முடியும் வரை இப்படியே ஓடலாமா?

பிறேக் நனையாவிட்டால், டிப் ஒயிலைக் கிழமைக்கு ஒருமுறை பார்த்து நிரப்பிக்கொண்டு, மெதுவாக ஓடலாம். டிஸ்கில் ஒயில் பட்டிருந்தால் ஓடவேண்டாம். ஏ9 வீதியில் பாரத்தோடு பிறேக்கை மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

எதையெல்லாம் வாங்கவேண்டும்?

இரு பக்கத்துக்கும் உள் அக்சில் சீல், ஹப் சீல், நக்கிளின் துடைப்புச் சீல் தொகுதி, கடதாசி கஸ்கட், ஹப் நட்டுக்கு நடுவே வரும் பூட்டு வளையம். பெயாரிங்குகளைத் திறந்து பார்த்த பின் வாங்குங்கள். மொலிப்டினம் கலந்த கிறீஸ் மூட்டுக்கு, சாதாரண லிதியம் கிறீஸ் சில்லுப் பெயாரிங்குக்கு, 80டபிள்யூ-90 ஜீ.எல்.5 ஒயில் டிப்புக்கு. கருவிகளில் கைவசம் இல்லாதது பெரும்பாலும் ஒன்றுதான்: 54 மில்லிமீற்றர் ஹப் சொக்கற். உளியால் அடித்து நட்டைத் திருப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த உளிக்காயங்களைப் பார்த்தால் வண்டி எத்தனை கைக்குள் போயிருக்கிறது என்று எண்ணிச் சொல்லலாம்.

சீல் வாங்கும்போது பெட்டியை நம்பவேண்டாம், சீலை நம்புங்கள். அதன் முகத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள் முறையே உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். பழையதோடு ஒப்பிடுங்கள். என்.ஓ.கே. சீலும் கோயோ பெயாரிங்கும் நல்லவை, அதனாலேயே அவற்றின் பெயரில் போலியும் வருகிறது. நல்ல சீலில் உதட்டுச் சுருள்கம்பி ஒரே சீராக இருக்கும், றப்பர் விளிம்பில் பிசிறு இராது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய கெப்புக்கு வந்த மதிப்போடு போலிப் பாகமும் பெருகிவிட்டது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது தோலை வெட்டிச் சீல் செய்தார்கள் என்கிறாரே அப்பா?

செய்திருப்பார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். இப்போது கடை திறந்திருக்கிறது, சீல் வாங்குங்கள்.

நக்கிளையும் சேர்த்துக் கழற்றவேண்டுமா?

உள் சீலை மட்டும் மாற்றுவதென்றால் நக்கிளைக் கழற்றத் தேவையில்லை. தண்டை இழுத்த பின் நக்கிள் நின்ற இடத்திலேயே கையை விட்டு மாற்ற முடியும். ஆனால் துடைப்புச் சீல் முழு வளையம், அதை மாற்ற நக்கிள் கீழே வரவேண்டும். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹப் நட்டை இறுக்கியும் ஆட்டம் போகாவிட்டால் நக்கிள் பெயாரிங் போய்விட்டது, அப்போதும் கழற்றத்தான் வேண்டும். முதல்முறை என்றால் முழுதாகவே செய்யுங்கள். உள்ளே பல வருடக் கஞ்சி இருக்கும், அதைக் கழுவாமல் புதுக் கிறீஸ் வைத்து என்ன பயன்?

எந்த ஒழுங்கில் கழற்றுவது?

பின் சில்லுகளுக்கு இரு பக்கமும் பனங்குற்றி போட்டு, ஜக்கின் கீழ் தடித்த பலகை வையுங்கள். மாரி மண்ணில் வெறும் ஜக் அமிழ்ந்துவிடும். வண்டி ஸ்டாண்டில் நின்ற பிறகே கீழே போங்கள், ஜக்கை நம்பி ஒருபோதும் போகவேண்டாம். பிறேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் வில்தகட்டில் கட்டித் தொங்கவிடுங்கள். றப்பர் குழாயில் பாரம் விழக்கூடாது.

அடுத்தது நான்கு சில்லு இழுவைக்குப் பூட்டும் ஹப் மூடி. ஆறு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே தண்டின் நுனியில் ஒரு சேர்கிளிப், அதாவது பள்ளத்தில் மாட்டியிருக்கும் வளையக் கிளிப். அதை எடுத்த பின் ஆறு நட்டும் கூம்பு வளையங்களும். பிறகு 54 சொக்கற்: வெளி நட், பூட்டு வளையம், உள் நட். வெளிப் பெயாரிங் கையில் விழும். ஹப்பும் டிஸ்கும் சேர்ந்து வரும், பாரம், இரு கையால் பிடியுங்கள். அடுத்து எட்டுப் போல்ட்டில் ஸ்பின்டில், அதாவது ஹப் சுழலும் வெற்றுத் தண்டு. அதுவும் ஒட்டிப் பிடித்திருக்கும், பித்தளைக் கட்டையால் சுற்றிவரத் தட்டினால் விடும். அந்த நேரம் கீழே ஒரு பழைய தாச்சி இருக்கட்டும். கஞ்சி கொட்டும்.

இனி தண்டு. மூட்டின் வெளிக்கிண்ணத்தில் இரண்டு தட்டையான பக்கங்கள் இருக்கின்றன. அவை மேலும் கீழுமாக வரும்படி திருப்பினால் தண்டு வழுக்கிக்கொண்டு வரும். திருப்பாமல் இழுத்தால் வராது. ஒருவர் இதைத் தெரியாமல் ஒரு பகல் முழுதும் இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கூம்பு வளையம் அசைய மறுக்கிறது.

நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள். நட்டின் முகமும் போல்ட் நுனியும் ஒரே மட்டமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, பித்தளைக் கட்டையை அதன் மேல் வைத்து ஓர் அடி. பயந்து பயந்து பத்துத் தட்டு தட்டுவதைவிட நேராக ஒரே அடி நல்லது. வளையம் துள்ளி எழும். இரும்புச் சுத்தியல் புரியைக் கெடுத்துவிடும்.

ஷிம் தகடு என்று எதையோ சொல்கிறார்கள்…

நக்கிளின் மேலேயும் கீழேயும் பெயாரிங் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். குடம் உருண்டைக்கு நேர் நடுவில் நிற்பதும் பெயாரிங்கின் இறுக்கமும் அவற்றால்தான். மேலே இருந்தது மேலேயே, கீழே இருந்தது கீழேயே, இடம் வலம் மாறாமல் திரும்பப் போகவேண்டும். நான் ஒவ்வொன்றையும் கம்பியில் கோர்த்து, துணித்துண்டில் ‘இ-மே’, ‘இ-கீ’ என்று எழுதிக் கட்டுவேன். ஒருமுறை வேலை நெருக்கடியில் வண்டியை ஒரு கராஜில் விட்டேன். தகடுகளைக் கலந்து பூட்டித் தந்தார்கள். ஸ்டியரிங் கல்லாக இறுகியது, புதுத் துடைப்புச் சீல் ஒரு பக்கம் நசுங்கிக் கிழிந்தது. இரண்டாம் தடவை கழற்றியது நானே.

சீலை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது?

சுருள்கம்பி தெரியும் உதட்டுப் பக்கம் ஒயிலை, அதாவது டிப்பைப் பார்க்கவேண்டும். இருக்கையைச் சுத்தமாகத் துடைத்து, வெளி விளிம்பில் துளி ஒயிலும் உதட்டில் கிறீஸும் பூசி, சீலின் அளவுக்கு ஒத்த குழாய்த்துண்டை வைத்துச் சுற்றிவர மெல்லத் தட்டி விளிம்போடு மட்டமாக இறக்குங்கள். ஒரு பக்கம் முந்தினால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள், வளைத்து நிமிர்த்தவேண்டாம்.

தண்டில் கோடு விழுந்திருக்கிறது. தண்டையே மாற்றவேண்டுமா?

பெருவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடக்காவிட்டால் மிக நுண்ணிய தேய்தாளால் சுற்றுவாட்டில் மினுக்கினால் போதும். தடக்கினால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளி இருத்தி, உதடு தேயாத இடத்தில் உட்காரும்படி செய்யலாம். ஆழமான பள்ளம் என்றால் மெல்லிய உலோக உறை போடவேண்டும், அல்லது நல்ல தண்டு தேடவேண்டும்.

புதுச் சீல் போட்டு மறுநாளே ஒழுகுகிறது!

தண்டை உள்ளே விட்டபோது கிழித்துவிட்டீர்கள். எனக்கும் நடந்தது. தண்டின் உள்நுனியில் பற்கள் இருக்கின்றன, மூட்டோடு சேர்ந்து நல்ல பாரம். களைத்துப்போய், நுனி சீலில் தங்கும்படி ஒரு கணம் இளைப்பாறினேன். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. மறுநாள் காலை டயரின் கீழ் உள்ளங்கை அகலத்துக்கு ஒயில் வட்டம். அதன் பிறகு பற்களில் கிறீஸ் தடவி, ஒரு கையால் தண்டின் பாரத்தைத் தாங்கி, மறுகையின் விரலைச் சீலுக்கு அருகில் வைத்து நுனியை நடுவில் வழிநடத்தித்தான் விடுகிறேன். தம்பி ஒருவன் பக்கத்தில் விளக்குப் பிடித்தால் நல்லது. பற்கள் டிப்பில் போய்ச் சேரும்வரை பாரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கிறீஸ் எவ்வளவு வைப்பது?

மூட்டுக்குள் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் வெளிவரும் வரை. உருண்டை அறையில் முக்கால் பங்கு. முழுக்க அடைத்தால் சூட்டில் விரிந்து வெளியே தள்ளும். ஸ்பின்டிலுக்குள் இருக்கும் வெண்கலப் புஷ்ஷையும் மறக்கவேண்டாம். பழைய கிறீஸின் மேல் வேறு வகைக் கிறீஸ் வைக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் இளகிவிடும்.

ஹப் நட்டை எவ்வளவு இறுக்குவது?

கைக்கணக்கு இங்கே பலிக்காது. உள் நட்டை ஏறக்குறைய 59 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பை இரு திசையிலும் பலமுறை சுழற்றி பெயாரிங்கை உட்காரவிட்டு, பிறகு கையால் திருப்பும் அளவுக்குத் தளர்த்துங்கள். அங்கிருந்து சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். அளக்க மீன்காரரின் தொங்குதராசு போதும். கொக்கியைச் சில்லுப் போல்ட்டில் மாட்டி, வட்டத்துக்குத் தொடுகோடாக மெல்ல இழுங்கள். ஹப் அசையத் தொடங்கும் கணத்தில் முள் 2.8 முதல் 5.6 கிலோவுக்குள் நிற்கவேண்டும். எங்கள் தராசு முல்லைத்தீவில் மீன் விற்கும் மாமாவுடையது. முதல்முறை இரவல் கேட்டபோது என்னை ஒருமாதிரிப் பார்த்தார். இப்போது வேலை இருக்கிறது என்றால் அவரே கொண்டுவந்து, முள்ளைத் தானே வாசித்துச் சொல்கிறார். பூட்டு வளையமும் வெளி நட்டும் போட்டபின் மறுபடி இழுத்துப் பாருங்கள், எண் ஏறியிருந்தால் திரும்பச் செய்யவேண்டும்.

நக்கிளின் மேல் ஸ்டியரிங் கையின் நட்டுகள் 96 நியூட்டன் மீற்றர். இவை தளர்ந்தால் போல்ட் ஒடிந்து ஸ்டியரிங்கே கையைவிட்டுப் போகும். 500 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பிறேக் பாட் ஒயிலில் ஊறிவிட்டது. கழுவிப் போடலாமா?

இல்லை. எரித்தும் எடுக்கலாம் என்பார்கள், அதுவும் இல்லை. சூடேறினால் உள்ளே இருக்கும் ஒயில் திரும்ப மேலே வரும். இரு பக்கமும் புதிது போடுங்கள். டிஸ்கைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடலாம். பாட் தூசியை வாயால் ஊதவேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். பெற்றோலால் கழுவுபவர்கள் அடுப்பையும் பீடியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டி முடிந்தது. வேறென்ன?

இருபது கிலோமீற்றர் ஓடி, இறங்கி, இரண்டு ஹப்பையும் தொடுங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் நட் இறுக்கம் கூடிவிட்டது. மாதம் ஒருமுறையாவது ஹப்பைப் பூட்டிச் சில கிலோமீற்றர் முன் இழுவையில், தளர்ந்த மண்பாதையில் ஓடுங்கள். தண்டு சுழன்றால்தான் சீல் உதடு நனையும். வெள்ளத்தில் இறங்கினால் அந்தக் கிழமையே டிப்பின் நிரப்பும் துவாரத்தைத் திறந்து நிறம் பாருங்கள்.

கழிவொயிலை என்ன செய்வது?

கறையானுக்கு என்று வேலிக்கட்டையில் பூசுபவர்கள் இருக்கிறார்கள். கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் அந்தக் கட்டை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுக்கிறேன்.

ஒரு பக்கம்தான் ஒழுகுகிறது. மற்றதை விடலாமா?

இரண்டும் ஒரே மூச்சுக்குழாயில் இருப்பவை. நான் விட்டுப் பார்த்தேன். தை மாதம் இடப்பக்கம் செய்தேன், பங்குனியில் வலப்பக்கம் கழற்றினேன். மாமாவிடம் தராசுக்கு மறுபடி போகவேண்டியிருந்தது.